கரண்டிக் காம்பு

"முதல்ல என் வேன் சாவியக் குடுக்கச் சொல்லுங்க டாக்டர். அப்புறமா என்னைப் பாருங்க" என்றார் ஓட்டுநர்.

"சாவி என் பையிலதான் இருக்கு. டாக்டர் சொன்னா குடுக்கறேன்" என்றார் தையல்கார அம்மாள். கழுத்தில் தொங்கிய அளவு நாடாவைக்கூடக் கழற்றாமல் வந்திருந்தார்.

இருவரும் ஒரே பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தார்கள். ஆனால் ஓட்டுநர் ஜன்னலைப் பார்த்தார், அம்மாள் கதவைப் பார்த்தார். சொல்ல வேண்டியதை எல்லாம் டாக்டரிடமே சொன்னார்கள். டாக்டர் இளம்பெண். சிரிப்பை அடக்கிக்கொண்டு, "என்னாச்சு?" என்றார்.

"காலையில வாசல்ல வேன் உறுமிக்கிட்டே நிக்குது. எட்டிப் பார்த்தா, இந்த மனுஷன் ஸ்டியரிங் மேல தலைய வச்சுத் தூங்கறார். பதினாலு பள்ளிக்கூடப் பிள்ளைங்க ஏறற வண்டி டாக்டர். சாவிய உருவிட்டேன். வேற வேன்காரரை வரச் சொல்லிப் பிள்ளைங்களை அனுப்பியாச்சு. டாக்டரைப் பார்த்தாத்தான் சாவின்னு அந்த வேன்காரர் மூலமாவே சொல்லிட்டேன்."

"ஒரு நிமிஷம் கண் அசந்தது ஒரு குத்தமா?" என்றார் ஓட்டுநர்.

"ராத்திரி நல்லாத் தூங்குவீங்களா ஐயா?"

"படுத்தா விடியறவரைக்கும் எழுந்திருக்க மாட்டேன்."

"குறட்டை?"

"எனக்குத் தெரிஞ்சு இல்ல."

"பூனை கண்ணை மூடிக்கிட்டா உலகம் இருண்டு போயிடுமா?" என்றார் அம்மாள்.

"நீங்க வேற அறையில படுத்துப் பார்த்தீங்களாம்மா?"

"எந்த அறையில படுத்தாலும் கேக்குது. அதைச் சொல்லப் போய்த்தான் சண்டை. நாலு வருஷமா பேச்சுவார்த்தை இல்ல."

"வீட்டுக்கு வீடு வாசப்படி" என்று டாக்டர் பெரிய மனுஷி போலச் சமாதானம் சொன்னார்.

அம்மாள் பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து நீட்டினார். அளவு எடுக்கும் நோட்டு. ஒரு பக்கத்தில் யாருடைய சட்டைக்கோ தோள் பதினேழு, கை இருபத்துமூன்று. அடுத்த பக்கத்தில், 'செவ்வாய் - நின்றது 25 வினாடி. புதன் - 32. வியாழன் - 41.'

"சத்தம்கூடப் பழகிடுச்சு டாக்டர். நடுவுல திடீர்னு நின்னு போகுது பாருங்க, அதுதான் பயம். திரும்ப ஆரம்பிக்கறவரைக்கும் எண்ணிக்கிட்டே கிடப்பேன்."

"ரொம்ப நேரம் நின்னா என்ன பண்ணுவீங்க?"

"கரண்டிக் காம்பால நல்லா ரெண்டு தட்டு தட்டுவேன். புரண்டு படுப்பார். மூச்சு வந்துடும்."

"கரண்டியாலயா?"

"கையால தட்டினா எனக்கில்ல வலிக்கும்."

டாக்டர் எழுந்து வந்து ஓட்டுநரின் தலையை ஒரு சுற்றுப் பார்த்தார். வீக்கம் எதுவும் இல்லை. பிறகு தொண்டையைப் பார்த்தார், ரத்த அழுத்தம் பார்த்தார். முகம் மாறியது.

"ஐயா, இது வெறும் குறட்டை மாதிரி தெரியல. தூக்கத்துல தொண்டை அடைச்சு மூச்சு நிக்குது. ஒவ்வொரு தடவையும் மூளை பதறி உங்களை உலுக்கி விடுது. அதனால விடிய விடியப் படுத்திருந்தும் நீங்க தூங்கவே இல்ல. பகல்ல கண்ணு சொருகறது அதனாலதான். ரத்த அழுத்தமும் ஏறிக் கிடக்கு. இப்படியே விட்டா இதயத்துல கை வைக்கும்."

ஓட்டுநரின் குரல் இறங்கியது. "அப்ப என் வேலை?"

"ஒரு ராத்திரி இங்க படுத்துப் பரிசோதனை பண்ணிக்குங்க. உறுதியாச்சுன்னா காத்து ஊதற மெஷின் ஒண்ணு தருவோம். மூக்குல மாஸ்க் மாட்டிக்கிட்டுத் தூங்கணும். ஒழுங்கா மாட்டி, தூக்கம் சரியாச்சுன்னு நான் பார்த்துட்டேன்னா திரும்ப ஓட்டலாம். அதுவரைக்கும் சாவி அவங்ககிட்டயே இருக்கட்டும்."

ஓட்டுநர் நோட்டை வாங்கிப் புரட்டினார். மூன்று மாதக் கணக்கு, ஒருநாள் விடாமல் இருந்தது.

"தினமும் முழிச்சிருந்து எண்ணினதா இதெல்லாம்?" என்று ஜன்னலிடம் கேட்பதுபோல் கேட்டார்.

"பின்ன? எப்படியோ போகட்டும்னு விட்டுட்டுத் தூங்கச் சொல்றீங்களா?" என்று அம்மாள் நேராக அவரைப் பார்த்தே கேட்டுவிட்டார்.

நாலு வருஷத்தில் இதுதான் முதல் நேர்ப்பேச்சு. தனக்காக ஓர் உயிர் கண் விழித்துக் கிடந்திருக்கிறது என்று தெரிந்ததும் ஓட்டுநருக்கு மனசு நிறைந்துவிட்டது. சாவியைப் பற்றி அதற்குமேல் அவர் பேசவில்லை.

டாக்டருக்கும் சந்தோஷம். "குடுத்து வச்சவர் ஐயா நீங்க" என்றவர், அம்மாள் பக்கம் திரும்பினார். "அந்த மாஸ்க் தூக்கத்துல நழுவிடும்மா. பக்கத்துல படுத்திருக்கிற நீங்கதான் எடுத்துச் சரியா மாட்டிவிடணும்."

ஓட்டுநர் சட்டென்று மின்விசிறியை அண்ணாந்து பார்த்தார். அம்மாள் அளவு நாடாவை விரலில் சுற்றினார், பிரித்தார், மறுபடி சுற்றினார்.

"அது எப்படி டாக்டர் முடியும்? நான் அடுத்த வீடு. கரண்டிக் காம்பால தட்டறதே நடுச் சுவத்தைத்தான்."