தனித்தனித் தொட்டிகள்

"ஹைப்பர்கோலிக்!"

வித்யா வாய்க்குள் முனகியதுதான். பக்கத்தில் வலையைப் பிரித்துக்கொண்டிருந்த கணவன் பூவரசன் நிமிர்ந்தான்.

"இன்னாது? எங்கம்மாவ இங்கிலீஷ்ல திட்றியா?"

"ஐயோ, திட்டல. அது ராக்கெட்டு வார்த்த."

வேலிக்கு இந்தப் பக்கம் அவள் மாமியார் கஸ்தூரி. அந்தப் பக்கம் மாமியாரின் ஓரகத்தி கலைவாணி. இருவரும் இடுப்பில் கை வைத்து நின்றிருந்தார்கள்.

"எங்க வந்து நண்டு ஓட்ட கொட்ற? கண்ணு இன்னா பொடனிலயா கீது?"

"ஆமா, இவ வாசலு பெரிய கோயிலு வாசலு!"

கல்யாணத்துக்கு முன் வித்யா இரண்டு வருடம் ஏரிக்கு அக்கரையில், ராக்கெட் நிலையத்தில் ஒப்பந்த வேலை பார்த்தவள். எரிபொருள் நிரப்பும் பிரிவு. அங்கே கற்ற சொற்களில் பாதி மறந்துவிட்டது. இந்த ஒன்றை மட்டும் தினமும் யாராவது வேலியோரம் நினைவுபடுத்திவிடுகிறார்கள்.

"ரெண்டு திரவம் இருக்குது. தனித்தனியா வெச்சா சாதுவா இருக்கும். ஒண்ண ஒண்ணு தொட்டாப் போதும், தீக்குச்சியே வேணாம், குப்புனு பத்திக்கும். அந்த மாதிரி ஜோடிய ஹைப்பர்கோலிக்குனு சொல்லுவாங்க."

பூவரசன் வேலிப் பக்கம் பார்த்துச் சிரித்தான். "அப்டி ஆவாதத எதுக்கு ஒரே ராக்கெட்ல ஏத்தறாங்க?"

"மேல போயி எஞ்சின நிறுத்தி நிறுத்திக் கெளப்பணும்ல? அதுக்கு இதான் நம்பிக்க. தனித்தனித் தொட்டில வெச்சிருந்து, வேணும்றப்ப மட்டும் சேத்து வுடுவாங்க. அது கெடக்கட்டும், இவங்களுக்குள்ள மொதமொத எப்பங்க பத்திக்கிச்சி?"

"எனக்கு இன்னா தெரியும்?" என்று அவன் வலைக்குள் தலையைக் கவிழ்த்துக்கொண்டான்.

யாரைக் கேட்டாலும் இப்படித்தான். மாமனார் ஒரு பூனையைச் சொன்னார். சின்ன மாமனார் ஒரு புடவையைச் சொன்னார். மாமியாரையே கேட்டபோது, "அவ மூஞ்சிதான் காரணம்" என்று முடித்துவிட்டாள்.

வித்யாவுக்கு ஏழாம் மாதம். தாயில்லாமல் வளர்ந்தவள். அடுத்த வெள்ளிக்கிழமை வளைகாப்பு. வலக்கைக்கு அத்தை, இடக்கைக்குச் சின்னத்தை என்று மனத்துக்குள் எப்போதோ முடிவு செய்துவிட்டாள். அவ்வளவு ஆசைப்படுவதை வெளியே சொல்லத்தான் கூச்சமாக இருந்தது. ஏற்கெனவே கூச்சப்பட வேறொரு காரணமும் இருந்தது. அத்தை அவ்வளவு பெரிய சட்டியில் வைக்கும் குழம்பு உச்சிவேளைக்குள் காலியாகிவிடுகிறது. வீட்டில் நாலே பேர். தானேதான் வாரி வாரித் தின்கிறோம்போல.

மறுநாள் காலை ஊர்ப் பெரியவர் தருமன் நோட்டுப் புத்தகத்தோடு வந்தார். ஏரியில் எந்த நாளில் யார் வலை போடுவது என்ற முறைக்குப் 'பாடு' என்று பெயர். வருடத்துக்கு ஒருமுறை அதற்குச் சீட்டுக் குலுக்குவார்கள். அதற்கு முன்னால் பெரியவர் வீடு வீடாகப் போய் அடுப்படியை எட்டிப் பார்த்து ஏதோ எழுதிக்கொள்வது இந்தக் குப்பத்து வழக்கம்.

இதைவிட நல்ல நேரம் வராது என்று வித்யாவுக்குத் தோன்றியது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

"பெரியப்பா, ஒரு நிமிசம். வெள்ளிக்கெழம எனக்கு வளகாப்பு. அத்தையும் சின்னத்தையும் ஒண்ணா நின்னு வளையல் போடணும். நீங்கதான் சேத்து வெக்கணும்."

தருமன் முகம் மலர்ந்தது. "வாயும் வயிறுமா கீற பொண்ணு வாய்தொறந்து கேக்குது. இன்னாம்மா கஸ்தூரி? இன்னாம்மா கலைவாணி?"

கலைவாணியும் தன் வாசலுக்கு வந்து நின்றாள். பெண்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பார்வையில் வித்யாவால் கோபத்தைக் கண்டுபிடிக்க முடியவில்லை.

மறு நொடி கலைவாணி பாய்ந்து வந்து, கஸ்தூரி வாசலில் கவிழ்த்து வைத்திருந்த பானையை எடுத்து நடுத்தெருவில் போட்டு உடைத்தாள்.

"இவ வளையல் போட்ற எடத்துல எங் காலு படாது!"

"வந்தின்னா காலயே ஒடப்பேன்டி!"

"இது இந்த ஜென்மத்துல ஆவாது" என்று தருமன் பெருமூச்சு விட்டு, நோட்டில் ஒரு வரி எழுதிக்கொண்டு நகர்ந்தார்.

வித்யா உள்ளே போய்ச் சுவரோரம் உட்கார்ந்து அழுதாள். கேட்டிருக்கவே கூடாது. தன்னால் ஒரு பானையும் போயிற்று. முகம் கழுவலாம் என்று கொல்லைக்குப் போனவள் அப்படியே நின்றுவிட்டாள்.

வேலித் தட்டி ஓரமாக விலகியிருந்தது. கஸ்தூரியின் பாதத்தை மடியில் வைத்துக்கொண்டு கலைவாணி பானைச் சில்லை எடுத்துக்கொண்டிருந்தாள். இருவருக்கும் நடுவில் அந்தப் பெரிய குழம்புச் சட்டி.

"வலிக்குதாக்கா?"

"வலி கெடக்குது. அது எம் பானடி! ஒன்னுத ஒடச்சா இன்னா?"

"அவசரத்துக்கு அதாங் கைல கெடச்சிது."

நிழல் கண்டு இருவரும் திரும்பினார்கள். கலைவாணி மடியை அவிழ்த்து, காகிதத்தில் சுற்றி வைத்திருந்த பச்சைக் கண்ணாடி வளையல்களை எடுத்தாள். வித்யாவின் இடக்கையைப் பிடித்து ஒவ்வொன்றாக ஏற்றினாள்.

"வெள்ளிக்கெழம நானு வர முடியாது கண்ணு. அதான் எப்பவோ வாங்கி வெச்சிட்டேன்."

"சின்னத்தை... இன்னா இது?"

"கத்தாத" என்று கஸ்தூரி எழுந்து வந்து அவள் வாயைப் பொத்தினாள். "ஒனக்குத் தெரிஞ்சா ஒம் மூஞ்சியே காட்டிக் குடுத்துடும்னுதான் சொல்லல. தனி அடுப்புக்குத்தான் தனிப் பாடு, அதான் ஊரு கட்டுப்பாடு. ஒத்துமையா இருந்தா ஒரே அடுப்புனு எழுதிடுவாங்க. பதினாலு வருசமா நாங்க அடிச்சிக்கினு கெடக்கறதாலதான் நம்மளுக்கு ரெண்டு பாடு. செரி, படிச்ச பொண்ணு நீயே சொல்லு, சாயங்காலம் எதுக்குச் சண்ட போட்லாம்?"