கம்ப்யூட்டர் போட்ட ஷிஃப்ட்

"யாரைப் புடிச்ச கிரேஸ்? சொன்னா நாங்களும் புடிப்போம் இல்ல?"

விக்டோரியா கேட்டதும் செக்-இன் கவுன்ட்டரில் மற்ற பெண்கள் சிரித்தார்கள்.

கிரேஸ் ஷிஃப்ட் பட்டியலை மறுபடியும் பார்த்தாள். பிரசவ லீவு முடிந்து அன்றுதான் ஏர்போர்ட்டுக்கு வந்திருந்தாள். புருஷன் ஸ்டீபனுக்குக் கும்மிடிப்பூண்டி இரும்பு கம்பெனியில் நிரந்தர நைட் ஷிஃப்ட். தனக்கும் நைட் விழுந்தால் கைக்குழந்தையை யாரிடம் விடுவது? வேலையை விட்டுவிட வேண்டியதுதான் என்று பயந்துகொண்டே வந்தவளுக்கு, மாதம் முழுக்கக் காலை ஷிஃப்ட்!

ஆள் பற்றாமல் விமானங்கள் லேட்டாகக் கூடாதென்று, ஷிஃப்ட் போட இந்த மாதம்தான் புது கம்ப்யூட்டர் வந்திருந்தது. செயற்கை அறிவாம். அதுவரை போட்டவர் ஜெயராஜ் சார். 'இஷ்டம் இருந்தா செய், இல்லன்னா கெளம்பு' என்பதைத் தவிர வேறு பேச்சு அறியாத மனிதர்.

"மெஷினு ஓரவஞ்சனை பண்ணாதுன்னாங்க. எனக்கு மட்டும் நைட்டு, இவளுக்கு இல்லியா? இன்னா கதை இது?"

விக்டோரியா விடவில்லை. அந்தக் கம்ப்யூட்டரைப் பழக்கிய இன்ஜினியர் அப்ராரையே இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

அப்ரார் திரையைத் துருவித் துருவிப் பார்த்தான்.

"சிபாரிசு ஒண்ணும் இல்லக்கா. சார் இத்தன வருஷமா போட்ட ஷிஃப்ட்டப் பாத்துதான் இது கத்துக்கினுச்சு. புள்ள பெத்துட்டு வந்த யாருக்குமே சார் ஒரு வருஷத்துக்கு நைட்டு போட்டதில்ல. அதைக் கம்பெனி ரூலுன்னு நெனச்சுக்கிச்சு."

பின்னால் நின்றிருந்த ஜெயராஜ் சாரை எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"இன்னா வேடிக்கை அங்க? பாசஞ்சர் நிக்கிறாங்க, போங்க!" ஜெயராஜ் சார் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"ரூல்ல இல்லாதது, தப்புதான். இப்பவே எடுத்துடறேன்" என்றான் அப்ரார்.

எடுத்துவிட்டால் கிரேஸுக்கும் நைட்தான்.

விக்டோரியா மட்டும் நகராமல் நின்றாள்.

"என் பொண்ணு பொறந்தப்பவும் காலை ஷிஃப்ட்தான் வந்துச்சு... மாதா குடுத்ததுன்னு மெழுகுவத்தி ஏத்திக்கினு இருந்தேனே..."

அப்ராரின் விரல் கீபோர்டுக்குப் போனது. அவள் எட்டி அவன் கையைப் பிடித்தாள்.

"கைய எடு நைனா! தப்பா அது? எங்க சாரு சொல்லிக் குடுத்த பாடம்!"