தோளில் ஒரு கை

நாலு மணி வெயில் மேல்ஜன்னல் வழியே சரிந்து, சுவரோவியத்தில் ஒட்டி உட்கார்ந்திருக்கும் தம்பதி மீது விழுகிறது. இரண்டாயிரம் வருஷமாகப் புருஷன் செங்காவி, பெண்டாட்டி வெளிர் மஞ்சள். அவன் தோளில் அவள் போட்டிருந்த கை மட்டும் என்றைக்கோ உதிர்ந்துபோயிருக்கிறது. அந்த இடத்தை நிரப்பத்தான் ஓவியம் சீர்செய்பவள் காலையிலிருந்து சாரத்தின் மேல் கால் கடுக்க நிற்கிறாள். கடைசி விரலை முடிக்கும்போது மேலதிகாரி கீழிருந்து அண்ணாந்து பார்க்கிறார்.

“ஏம்மா, அது யாரு கை?”

“பொண்டாட்டி கைதான் சார்.”

“பின்ன ஏன் செவப்பா இருக்கு? அவன் தோள்ல அவனுக்கே இன்னொரு கை மொளைச்ச மாதிரி! வெயில்ல அலையறவன் செவப்பு, வீட்டோட இருக்கிறவ மஞ்சள். அதானே அந்தக் காலத்து வழக்கம்? உனக்கு நான் சொல்லணுமா?”

“என் கையப் பாத்துப் போட்டுட்டேன் சார்.”

அவர் சிரிக்கிறார். அவளுக்குச் சிரிக்கக்கூடத் தெம்பில்லை. ஈரப் பஞ்சால் விரல் விரலாகத் துடைக்கிறாள். ஒரு பகல் வேலை, தண்ணீர் பட்டதும் பஞ்சோடு வந்துவிடுகிறது. வண்ணத் தட்டைக் கழுவி மஞ்சளைக் கரைக்கிறாள். வெள்ளை கொஞ்சம், இன்னும் கொஞ்சம். நிறம் ஒத்துப்போகிறதா என்று சுவரை நிமிர்ந்து பார்க்கவேயில்லை. இதே மாதிரி ஒரு சாரத்திலிருந்து விழுந்து, பத்து மாதமாக வாசல் தாண்டாத அவள் புருஷன், காலையில் சாப்பாட்டு டப்பாவை நீட்டிய கை கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. அதே மஞ்சள்.