ஒரு சொல் கூடினாலும்

கணினி நிரல் எழுதத் தெரிந்தவர்கள் நிரல் கொடுத்தார்கள். செண்பகம் தன் குரலைக் கொடுத்தாள். பார்வையற்றவர்களுக்கு வாசித்துக் காட்டும் , பலரும் சேர்ந்து இலவசமாக உருவாக்கும் ஒரு பொது மென்பொருளுக்காக, திரையில் வந்த வாக்கியங்களையெல்லாம் படித்துப் பதிவு செய்தாள். தொண்டையில் அறுவை சிகிச்சை செய்வதற்கு முந்தைய வாரங்களில் அது நடந்தது. அதன்பின் அவளுக்குப் பேச்சு இல்லை. பதிவுகளை வேறொருவர் கேட்டு, வாக்கியம் பிசகாமல் இருந்தால் ‘சரி’ என்றும், ஒரு சொல் கூடினாலும் ‘தவறு’ என்றும் அழுத்த வேண்டும் என்பது அங்கே விதி. தவறானவை அழிந்துவிடும். அந்த வேலையை அவள் கணவர் தணிகாசலம் கேட்டு வாங்கிக்கொண்டார். காலைதோறும் அவள் குரல் ரயில் நேரமும் மழையளவும் சொல்ல, அவர் ‘சரி’யை அழுத்திக்கொண்டிருந்தார். இன்று, “கடைசிப் பேருந்து போய்விட்டது” என்றது குரல். அத்தோடு நிற்கவில்லை. “ஏங்க, பால் பொங்குது பாருங்க. காதுல என்ன பஞ்சா வச்சிருக்கீங்க?”

அவர் மறுபடி கேட்டார். இன்னொரு முறையும் கேட்டார். செண்பகம் பின்னால் வந்து நிற்பது தெரிந்தது.

“இதப் போய் எப்படிம்மா தப்புன்னு போடுறது?” என்றார், திரும்பாமல்.

அவள் கை அவர் தோளில் சற்று நேரம் இருந்தது. பிறகு தோளைத் தாண்டி நீண்ட விரல், ‘தவறு’ என்ற பொத்தானுக்கு அருகே வந்து நின்றது. தன் பதிவைத் தானே தீர்மானிக்கக் கூடாது என்பதும் அங்கே விதி. விரல் அங்கேயே காத்திருந்தது.