மின்மினி மரத்தில் பிள்ளையார்

பிள்ளையாரைக் கத்தரிக்கோலால் வெட்டிய குற்றத்திற்காக, ஒன்பது வயது ஷர்மினி ஓவிய அறையில் நிறுத்தப்பட்டிருந்தாள்.

சாட்சியம் மேசைமேல் கிடந்தது. கறுப்பு அட்டையில் மலேசியாவின் கோல சிலாங்கூர் ஆற்றங்கரை மரம் ஒன்று. கிளையெங்கும் மின்மினிகள். ஒவ்வொரு மின்மினியும் உள்ளங்கை அகலத்தில் வெட்டி ஒட்டிய ஒரு தங்கநிறப் பிள்ளையார்.

விசாரித்தவர் நல்லசாமி. தோட்டத் தமிழ்ப்பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கத்துக்கும் கோயிலுக்கும் அவரே தலைவர். ஆகவே கல்வி, பக்தி இரண்டும் அவருடைய அனுமதி பெற்றே நடந்தன.

"யாரு டீச்சர் இதைச் சொல்லிக் கொடுத்தது?"

"மத்தீஸ்னு ஒரு பிரெஞ்சு ஓவியர், சார்." ஓவிய ஆசிரியை லீலாவதி பழியை உடனே ஐரோப்பாவுக்கு அனுப்பிவைத்தார். "வயசான காலத்துல வண்ணத் தாளை வெட்டி ஒட்டியே படம் செஞ்சாரு. மாவட்டப் போட்டிக்கு அதே மாதிரி செய்யச் சொன்னேன்."

"அவரு சாமியை வெட்டினாரா?"

"இல்லைங்க சார். இலை, பூ, பறவை..."

"பார்த்தீங்களா? வெள்ளைக்காரனுக்கே தெரிஞ்சிருக்கு லா!"

மத்தீஸுக்கு நற்சான்றிதழ் வழங்கிவிட்டு, அவர் சிறுமியிடம் திரும்பினார்.

"இவ்வளவு சாமிப் படம் உனக்கு ஏது?"

"கல்யாணப் பத்திரிகையில வர்ற பிள்ளையார் சார்," என்றார் லீலாவதி. "எல்லாரு வீட்டுப் பத்திரிகையிலயும் இதே முகம்தானே."

"யாரு வீட்டுல திருடின?"

ஷர்மினிக்குக் கண் நிறைந்தது.

அழைத்து வரப்பட்ட தந்தை புனிதன், பாமாயில் எடுக்கும் செம்பனைக் குலை வெட்டப் போட்டிருந்த பூட்ஸை வாசலிலேயே கழற்றிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"தப்புதாங்கய்யா. சின்னப் பிள்ளை, தெரியாம செஞ்சிருச்சு."

"இன்னைக்குப் பிள்ளையார், நாளைக்கு முருகன். விட முடியுமா? வெள்ளிக்கிழமை பூசையில எல்லாரு முன்னுக்கும் நீ மன்னிப்புக் கேட்கணும். டீச்சர், போட்டியில இவ பேரை எடுத்துடுங்க."

"சார், நம்ம பள்ளியில தேறினதே இந்த ஒரு படம்தான்..."

"சாமியை விடப் போட்டி பெருசா?"

லீலாவதி பணிந்தார். சங்கத் தலைவர்களிடம் பணிவது பாடத்திட்டத்தில் இல்லாவிட்டாலும் அனைவரும் கற்றுத் தேர்ந்த பாடம்.

"அப்போ படத்தைக் கிழிச்சுடவா சார்?"

"ஐயையோ, பாவம்! ஒவ்வொரு பிள்ளையாரையும் பக்குவமாப் பேத்து எடுங்க. நானே ஆத்துல விடுறேன்."

தெய்வத்தின் மேல் அவருக்கிருந்த அக்கறை அத்தகையது.

லீலாவதி முதல் பிள்ளையாரின் ஓரத்தில் நகத்தைக் கொடுத்தார்.

"பேக்காதீங்க டீச்சர்!" என்று ஷர்மினி முதன்முறையாக வாய் திறந்தாள்.

"திமிரைப் பாருங்க," என்றார் நல்லசாமி. "நீங்க எடுங்க டீச்சர்."

பிள்ளையார் எளிதாகவே வந்தார். பின்புறம் நீல மையில், அழைக்கப்பட்டவரின் பெயர் எழுதியிருந்தது. லீலாவதி யோசிக்காமல் வாய்விட்டுப் படித்துவிட்டார்.

"திரு. புனிதன் குடும்பத்தார், மூன்றாவது லயம்."

அடுத்ததைப் பேர்த்தார். "திருமதி தாயம்மா, மூன்றாவது லயம்."

புனிதன் எட்டிப் பார்த்தார். கோயில் அறிவிப்புப் பலகையில் வாரந்தோறும் காணும் நல்லசாமியின் கையெழுத்து அது.

"ஐயா... உங்க மக கல்யாணத்துக்கு அச்சடிச்ச பத்திரிகை பத்தலை, அதான் லயத்து வீட்டுத் தொழிலாளிங்களுக்குக் கொடுக்க முடியலைன்னு சொன்னீங்களே?"

நல்லசாமிக்குத் திடீரென்று கைப்பேசியில் அவசர வேலை வந்துவிட்டது.

ஷர்மினி தந்தையின் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டாள்.

"அவங்க வீட்டுக்குப் பின்னால செம்பனைக் காட்டுல பத்திரிகையெல்லாம் கட்டோட கெடந்துச்சுப்பா. நீங்க பார்த்தா வருத்தப்படுவீங்கன்னுதான், பேரெல்லாம் உள்ளுக்கு வச்சு ஒட்டினேன்."