பேச்சைக் கேட்காதவன்

“அந்தம்மாவை எதுக்குடா கொன்ன?”

அன்புச்செல்வன் போட்ட கூச்சலில் பக்கத்து அறை மணவாளன் சோற்றுத் தட்டோடு ஓடிவந்தான். தானியேல் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

“யாருப்பா செத்தது?” மணவாளன் கட்டிலுக்கடியில் எட்டிப் பார்த்தான்.

“படகுக்காரம்மா. நம்மள நம்பி எதிர்ல வந்து நின்னாங்க. ஒரே வெட்டு!” என்று கம்ப்யூட்டரைக் காட்டினான் அன்பு.

திரையில் ஒரு கோட்டை வாசல். அதன் முன்னால் ஒரு பொம்மைப் பெண் குப்புற விழுந்து கிடந்தாள்.

“அட, கேமா! இன்னாவோ ஏதோன்னு அலறிப்பூட்டேன்.” போன உயிர் திரும்பிவந்த மணவாளன், வேடிக்கை பார்க்க அங்கேயே நின்று சோற்றைப் பிசைய ஆரம்பித்தான்.

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் ஓர் இரும்பு ஆலையில் அன்புவுக்கும் தானியேலுக்கும் வேலை. திருவள்ளூர்ப் பக்கம் நிலபுலம் உள்ள வீட்டுப் பிள்ளையான அன்பு டிப்ளமோ முடித்துவிட்டுத் தரம் பார்க்கும் பிரிவில் இருந்தான். தானியேல் கிரேன் ஓட்டுகிறவன். வயதில் இரண்டு வருடம் பெரியவன் என்றாலும் அன்புவை ‘அண்ணா’ என்றுதான் கூப்பிடுவான். அன்புவும் வேண்டாமென்று ஒருநாளும் சொன்னதில்லை.

இரண்டு மாதமாக ஞாயிறு தவறாமல், சர்ச் முடிந்த கையோடு இரண்டு பிரியாணிப் பொட்டலத்துடன் அன்புவின் அறைக்கு வந்துவிடுவான் தானியேல். ஆளுக்கொரு கன்ட்ரோலர், ஆளுக்கொரு வீரன். சண்டை வந்தால் அன்பு மூன்றாவது அடியிலேயே மண்ணைக் கவ்வுவான். அவனைத் தூக்கி நிறுத்திக் காப்பாற்றுவது தானியேலின் கிரேன் பிடித்த கைகள்தான்.

ஆனால் அன்புவுக்கு உயிர் கதையில்தான். எதிரில் வருகிறவர்களின் பேச்செல்லாம் திரையின் அடியில் ஆங்கிலத்தில் ஓடும். ஒரு வரி விடாமல் மனசுக்குள்ளேயே படித்து, மனசுக்குள்ளேயே உருகி, கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் அடுத்த அடி எடுத்து வைப்பான். தானியேலோ யாராவது பேச வந்தாலே பட்டனைப் படபடவென்று தட்டித் தள்ளிவிட்டு வாளை உருவுகிற ரகம்.

இன்று படகுக்காரம்மா வந்து நின்றது தானியேலின் வீரனிடம். புருஷனைப் போரில் பறிகொடுத்தவள், இவர்கள் இருவரையும் எத்தனையோ தடவை ஆற்றைக் கடத்திவிட்டவள். அவள் நீளமாகப் பேசினாள்; அன்புவுக்குக் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது.

அதிசயமாக இன்று தானியேல் பேச்சைத் தள்ளவில்லை. முடிகிறவரை திரையைப் பார்த்தான், ஒருமுறை அன்புவின் முகத்தைப் பார்த்தான். வெட்டுவதா, வழிவிடுவதா, கூடவே அழைத்துப்போவதா என்று மூன்று பதில்கள் வந்து நின்றபோது, முதல் பதிலைத் தட்டினான். இந்த விளையாட்டில் நடந்தது நடந்ததுதான். திரும்பிப்போய் மாற்ற வழி கிடையாது.

“இத்தினி நாளா பேச்சைத் தள்ளிவுட்டுக்கினு இருந்த, சரி. இன்னிக்கு மொத்தமும் பாத்துக்கினு இருந்துட்டு வெட்றியே, நீ மனுஷனா?”

“தெரியாம அமுக்கிட்டேண்ணா.”

“இன்னா தெரியாம? எல்லாம் கண்ணு முன்னாடிதானே நின்னுது?”

மணவாளன் நடுவில் புகுந்தான். “சண்டை போடத்தானேப்பா கேமு? பேச்சு கேக்கணும்னா போய் சீரியல் பாரு.”

“சண்டை எல்லா கேம்லயும் இருக்கு. இதுல இருக்கறவங்க மனுஷங்க. அவங்க இன்னா சொல்றாங்கன்னு காது குடுத்துக் கேக்கணும்” என்றான் அன்பு. “இவனுக்கு அதெல்லாம் எங்க ஏறப்போவுது? இரும்பத் தூக்கித் தூக்கி மனசும் இரும்பாப் பூட்ச்சு.”

மணவாளன் சிரித்துவிட்டான். தானியேலின் முகம் சுண்டிப்போயிற்று. கன்ட்ரோலரைச் சத்தமில்லாமல் கட்டில்மேல் வைத்தான்.

சொல்லி முடித்ததுமே அன்புவுக்கு வெட்கமாகிவிட்டது. பிரிக்காத பொட்டலங்கள் இரண்டும் மேசைமேல் ஆறிக்கொண்டிருந்தன. ஆனால் மணவாளன் பார்த்துக்கொண்டு நிற்கையில் இறங்கிவர மனசு இடம்கொடுக்கவில்லை.

“அடுத்த வாரத்துலேர்ந்து நீ வராத. நான் வேற ஆளப் பாத்துக்கறேன்.”

“சரிண்ணா.”

வேடிக்கை முடிந்தது என்று மணவாளன் தட்டைக் கழுவப் போய்விட்டான். வாசலில் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்ட தானியேல், போகாமல் நின்றான். ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தனக்காகக் கொடுத்தவனை நாலு பேர் சிரிக்கும்படி பேசிவிட்டோமே என்று அன்புவுக்கு அவனை நிமிர்ந்து பார்க்கவே கூசியது. மன்னிப்புக் கேட்கத்தான் நிற்கிறான், வாயைத் திறந்ததும் உள்ளே கூப்பிட்டுவிடலாம் என்று காத்திருந்தான்.

“ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போய்டறேண்ணா.”

“இன்னா?”

தானியேல் வராந்தாவின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

“அந்தம்மா பேசும்போது நீ அழுதியே... இன்னாண்ணா சொல்லிச்சு? எனக்கு இங்கிலீஷ் படிக்க வராது.”