சில்லென்று இருந்த தட்டு

அந்த அடுக்களையில் இருந்த எவர்சில்வர் தட்டுக்கு ஒரு குழப்பம். அதுவும் காய் நறுக்கும் பலகையும் ஒரே அலமாரியில்தான் கிடந்தன. ஆனால் தட்டைத் தொட்டவர்கள் மட்டும், "யப்பா, என்ன சில்லுன்னு இருக்கு" என்று கையை இழுத்துக்கொள்வார்கள். பலகையை யாரும் ஒன்றும் சொல்வதில்லை.

"எனக்கு ஏதாவது சீக்கா அண்ணே?" என்று தட்டு கேட்டது.

"பிறவிக் குணம் தம்பி. நீ சில்லுன்னு இருக்கிற ஆளு, நான் கதகதப்பான ஆளு," என்றது பலகை.

ஒரு மதியம் அந்த வீட்டுப் பூவிழி, எது முதலில் உருகும் என்று பார்க்க, இரண்டின் மேலும் ஒவ்வொரு ஐஸ் கட்டியை வைத்தாள். தட்டின்மேல் வைத்த கட்டி உடனே முனக ஆரம்பித்தது.

"என்னய்யா, இப்படிச் சுடுறே?"

தட்டு திகைத்துப்போனது. "நானா? நான் சில்லுன்னு இருக்கிறவனாச்சே."

"யார் சொன்னது?"

"தொட்டவங்க எல்லாருந்தான்."

"நானும் தொட்டுக்கிட்டுத்தானே இருக்கேன்," என்று சொல்லிக்கொண்டே ஐஸ் கட்டி தண்ணீராகிவிட்டது.

தட்டு ஒன்றும் புரியாமல் பக்கத்தில் பார்த்தது. பலகைமேல் இருந்த கட்டி இன்னும் முக்கால்வாசி அப்படியே உட்கார்ந்திருந்தது.

"அண்ணே, கதகதப்பான ஆளு நீங்கதானே?" என்று கேட்டது தட்டு.